பச்சைக்கொடி குத்தாத கிண்ணம்

குமட்டல் வாசலிலேயே தொடங்கிவிட்டது. சாப்பாடு வருவதற்கு வெகு முன்னால், கண்ணில்.

பூனாவின் பாணேர் பகுதியில் புதிதாகத் திறந்திருந்த வியட்நாம் உணவகம் அது. யாரோ வயலில் வெயிலுக்குக் கவிழ்த்துக்கொள்ளும் கூம்புத் தொப்பிகளைக் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விளக்கை ஏற்றியிருந்தார்கள். நண்பகல் பன்னிரண்டரைக்கு அத்தனையும் எரிந்தன. ஒரு சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்று. தொட்டேன்; விரலில் தூசி வந்தது. கைகழுவும் தொட்டியில் கூழாங்கற்களை நிரப்பியிருந்தார்கள். கல்லிடுக்கில் எவரோ மென்று துப்பிய சோம்பு ஊறி உப்பிக் கிடந்தது. அதற்கு மேலே ஒரு தாமரை. அதுவும் பொய். உழைப்பவனின் தொப்பியை விளக்காக்கி, அதன் கீழே உட்கார்ந்து உதட்டைத் துடைத்துக்கொள்ளும் ஊரில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. நானும் உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

வந்தது ஊர் பார்க்க அல்ல. என் தம்பிக்கு வீடு வேண்டும்.

தம்பி ஊருக்கு வெளியே தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவன் பெண்டாட்டிக்குப் பாணேரில் கணினி வேலை. குடியிருப்பதோ வானவடியில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இருசக்கர வண்டியில் நகரத்தைக் கிழித்துக்கொண்டு போவார்கள். இருட்டிய பிறகு புகை படிந்த முகத்தோடு திரும்புவார்கள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். மேடு பள்ளத்தில் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பாணேரில் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. நான்கு வீடு பார்த்தார்கள். நான்கிலும் பெயருக்கு முன்னால், வேலைக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்தது. நான்வெஜ் சாப்பிடுவீர்களா? தம்பி நான்கு முறை உண்மையைச் சொன்னான். நான்கு முறை கதவு மரியாதையாக மூடிக்கொண்டது.

ஐந்தாவது வீட்டில் பொய் சொன்னான்.

வீடு ஒரு அம்மாவின் பெயரில் இருந்தது. கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் குடும்பத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார்களாம். தம்பி விருந்துக்கு அழைத்தான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்த அம்மாதான். வெளிநாட்டில் இருக்கும் மகள், அம்மா நீ அங்கே போ, எல்லாம் இலை தழை, உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் எதுக்குல?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"நீ டீச்சர். தலை பாதி நரைச்சிருக்கு. உன்னையப் பாத்தா இட்லி கணக்கா இருக்கும்க்கா. ஒரு பய சந்தேகப்பட மாட்டான்."

அவன் பெண்டாட்டி சிரித்தாள். "மைனி, இவிய இன்னைக்கு நெத்தியப் பாத்தியளா? விபூதி டப்பாவுல முங்கி எந்திரிச்ச மாரி இருக்காவ."

உண்மைதான். மூன்று பட்டை, நடுவில் குங்குமம். கோயிலுக்குக்கூட அப்படிப் போனவன் இல்லை. வடக்கே ஏறிவிட்டால் மதராஸி என்றால் சாம்பார், சாம்பார் என்றால் சைவம். இந்தக் கணக்கை நாங்கள் போடவில்லை, அவர்களாகப் போட்டது. நாங்கள் நெற்றியை மட்டும் கொடுத்தோம்.

எங்களுக்குள் ஒரு சொல் உண்டு. வானவடி வீட்டின் மேல்மாடிக்காரருக்குப் பக்கத்துப் பட்டாளத்துத் தமிழர்களோடு பழகி 'மீன்' என்ற வார்த்தை தெரியும். அதனால் தம்பி வீட்டில் மீனுக்கு முருங்கைக்காய் என்று பெயர். சீலா என்றால் பெரிய முருங்கைக்காய். நெத்திலி என்றால் பிஞ்சு முருங்கைக்காய். "முருங்கைக்கா வாங்கிட்டியா?", "பிஞ்சு கெடைக்கலக்கா" என்று தொலைபேசியில் கூச்சமில்லாமல் பேசுவோம். தூத்துக்குடியில் பிறந்து, கடலை வாயில் வைத்துக்கொண்டு கடலின் பெயரைச் சொல்லாமல் வாழப் பழகியிருந்தோம். விளையாட்டாகத்தான் தொடங்கினோம். எந்த வருஷம் அது விளையாட்டாக இல்லாமல் போனது என்று தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மா வந்தார். வெளிர்நீலப் புடவை, காதோரம் மல்லிகை இல்லை, மல்லிகை வாசனை மட்டும். கணவர் பின்னால், சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தாயி, உட்காருங்க தாயி."

நாங்கள் பேசியது இந்தியில். ஆனால் அந்தத் 'தாயி' மராத்தி. அங்கே அதற்கு அக்கா என்று பொருள். எங்கள் ஊரிலோ பெற்ற பிள்ளையைக்கூட அப்படித்தான் கொஞ்சுவோம். ஏ தாயி, சாப்பிட்டியா தாயி. பூனாவில் எத்தனையோ பேர் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காது அதைத் தமிழாகவே கேட்டுத் தொலைக்கும். அன்றும் கேட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அருவருப்பின் முதல் முடிச்சு அங்கே விழுந்தது என்று இப்போது தெரிகிறது. பிடிக்காதவரிடம் பொய் சொல்வது சுலபம்.

பரிமாறுகிறவர் தாடி வைத்த, நடுவயது மனிதர். ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு அதன் வரலாற்றையும் சொன்னார். சைவத் தட்டுகளில் பல்குச்சியில் ஒட்டிய சின்னப் பச்சைத் தாள்கொடி குத்தியிருந்தது. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் "இது வெஜ்தானே?" என்று கேட்பதும், அவர் கொடியை விரலால் சுட்டுவதுமாகப் பத்து நிமிஷம் போனது.

முதலில் சுருள்கள் வந்தன. ஈரமான அரிசித்தாளில் பச்சை இலை, கேரட், சேமியா போல ஒன்று. அந்தத் தாளுக்குள்ளிருந்து காய்கறிகள் மங்கலாகத் தெரிந்த விதம், நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரலின் தோலை எனக்கு நினைவூட்டியது. எடுத்தால் கையோடு ஒட்டியது. கடித்தால் வழுக்கியது. வாயில் யாரோ ஒருவரின் காது மடல் இருப்பது போல் இருந்தது. விழுங்கினேன். "ரொம்ப லைட்டா இருக்கு" என்றேன்.

பிறகு அந்தக் கிண்ணம் வந்தது. தொட்டுக்கொள்ள. வெளிர்பச்சைப் பீங்கான், உள்ளே தேன் நிறத்தில் தெளிந்த நீர், மிதக்கும் மிளகாய் வட்டங்கள். அதில் கொடி இல்லை. வெறும் நீரில் கொடியை எங்கே குத்துவது?

அது மேசையைத் தொடுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் கருவாட்டுக் களம். பள்ளிக்கூடச் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டால் நெத்திலி வாசனையோடு காயும். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்துவாள். எலுமிச்சைச் சாறு தேய்த்துப் பார்த்திருக்கிறேன், டால்கம் பவுடரைக் கொட்டிப் பார்த்திருக்கிறேன். உப்பில் அடைபட்ட நெத்திலி உருகி வடிக்கும் நீரின் வாசனையை என் மூக்குக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை போட்டாலும், எலுமிச்சை பிழிந்தாலும், பீங்கானில் வைத்தாலும் அது அதுதான்.

என் வாயில் எச்சில் ஊறியது. என்னைப் பற்றி இதையும் எழுதத்தான் வேண்டும். அத்தனை நாழி குமட்டிய வாய், அதைக் கண்டதும் ஊறியது.

அந்த அம்மா சுருளை அதில் முக்கி எடுத்தார். ஒன்று.

"அடடா!" என்றார். கண்ணை மூடினார். "என்ன ருசி! மஸ்த்!"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு தமிழில், உதட்டை அசைக்காமல் சொன்னான்.

"அக்கா, முருங்கைக்கா."

"பிஞ்சு" என்றேன்.

"பேசாத."

"பாவம்ல. அவிய சைவம்."

"நாலு வீடுக்கா. இவளப் பாரு. அஞ்சு மாசம். பேசாத, சொல்லிட்டேன்."

அவன் பெண்டாட்டி தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. மசக்கை மூக்கு எங்கள் இருவரின் மூக்கையும்விடக் கூர்மை.

"என்ன பேசிக்கிறீங்க அக்காவும் தம்பியும்?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். "எங்களுக்கும் சொல்லுங்களேன்."

தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முருங்கைக்காய் மேடம். எங்க அம்மா முருங்கைக்காய் போட்டு இதே மாதிரி ஒரு சாறு வைப்பாங்க. அந்த வாசனை வருதுன்னு அக்கா சொல்றா."

"அதானா! நானும் என்னவோ தெரிஞ்ச ருசியா இருக்கேன்னு பார்த்தேன். எங்க வீட்டிலயும் முருங்கைக்காய் ஆமட்டி, உங்க சாம்பார் மாதிரி, பண்ணுவோம்." இரண்டாவது சுருளை முக்கினார். இந்த முறை நன்றாக அமுக்கி, உள்ளே இலையெல்லாம் ஊறும்படி. "பாருங்க," என்று கணவரிடம் சொன்னார், "தெற்கத்திக்காரங்க நாக்கே நாக்கு."

கணவர் தலையாட்டினார். அவரும் முக்கித்தான் தின்றுகொண்டிருந்தார், பேச்சில்லாமல்.

எனக்கு அந்த மேசையில் இருந்த எல்லாவற்றின் மீதும் அருவருப்பு பொங்கியது. தம்பியின் நெற்றி மீது. அது வியர்வையில் கரைந்து புருவத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. மிதக்கும் மிளகாய் மீது. எந்த வாசனைக்காக நான்கு வீடுகள் எங்களைப் படிக்கட்டிலேயே நிறுத்தினவோ அதற்கு மஸ்த் என்று கண் மூடும் அந்த நல்ல முகத்தின் மீது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சொற்களை அடுக்கிக்கொண்டிருந்த என் மண்டை மீது. உள்ளே ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. தின்னு, நல்லாத் தின்னு என்று. பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்திய ஒருத்திக்கு ஊட்டுவது போல. அந்தச் சந்தோஷத்தைக் கண்டதும்தான் உண்மையாகவே வாந்தி வந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கினேன்.

சொல்லவும் துணிவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே கோழைகளுக்கு என்று ஒரு சந்து இருக்கிறதே, அதில் நுழைந்தேன். தண்ணீர்க் குடுவையை எடுப்பது போல முழங்கையை நீட்டிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். தேன் நிற நீர் மேசையில் ஓடி, பிளாஸ்டிக் மூங்கில் பாயில் சொட்டியது. வாசனை இப்போது எழுந்து நின்றது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க!"

"பரவாயில்ல தாயி, பரவாயில்ல. புடவையில படலையே?" அந்த அம்மா தன் கைக்குட்டையால் என் முந்தானையை ஒற்றினார்.

தாடிக்காரர் பறந்து வந்தார். துடைத்தார். புன்னகைத்தார். நல்ல உபசரிப்பு அந்த இடத்தில். ஒன்று கொட்டினால் இரண்டு கொண்டுவந்து வைப்பார்களாம். வைத்தார். ஒன்று அந்த அம்மாவுக்கென்றே, தனியாக.

மூன்றாவது சுருள்.

அதைத் தின்று முடித்து, விரல் நுனியை நாசூக்காக நாக்கில் தொட்டுக்கொண்டு, அந்த அம்மா தாடிக்காரரைக் கூப்பிட்டார். "இது ஒரு கிண்ணம் பார்சல் கட்டுங்க. எங்க மாமியாருக்கு. எண்பத்தெட்டு வயசு. குளிச்சு பூஜை முடிக்காம பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாங்க. நாக்கு செத்துப்போச்சுன்னு புலம்பிக்கிட்டே இருக்காங்க, பாவம்."

தம்பியின் கால் மேசைக்கடியில் என் காலை மிதித்தது. பலமாக. சின்ன வயதில் பொய் சொல்லும்போது மிதிப்பானே, அதே இடத்தில்.

"அதுல மீன் இருக்கு" என்றேன்.

தாடிக்காரர்தான் முதலில் பேசினார், பதறிப்போய், என்னைத் திருத்துவதற்காக. "இல்ல மேடம், மீன் கிடையாது. சத்தியமா கிடையாது. ஃபிஷ் ஸாஸ் மட்டும்தான்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். புறங்கையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து, கூழாங்கல் தொட்டிப் பக்கம் நடந்தார். தம்பி பெண்டாட்டி எழுந்து பின்னாலேயே ஓடினாள். குழாய்ச் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தத்தை மீறி மற்றதும் கேட்டது. தாடிக்காரர் சமையலறைக்குள் போய் யாரையோ திட்டினார்.

கணவர் அசையவில்லை. கடைசியாக இருந்த சுருளை எடுத்தார், கிண்ணத்தில் முக்கினார், தின்றார்.

"முதல் வாயிலேயே தெரிஞ்சுடுச்சு" என்றார் எங்களிடம், தாழ்ந்த குரலில். "கடலோரம், ரத்னாகிரியில ஆறு வருஷம் கிளை மேனேஜரா இருந்தேன். அவளுக்குத் தெரியாது." வாயைத் துடைத்தார். "நீங்க அவசரப்பட்டீங்க மேடம். பார்சலை வழியில நானே கொட்டியிருப்பேன்."

ஆக, மேசையில் ஐந்து பேர். நான்கு பேருக்குத் தெரியும். தெரியாத ஒருத்தி அங்கே கல்லுக்கு நடுவே குனிந்துகொண்டிருந்தாள். அந்த மனிதரின் உதட்டோரத்தில் ஒரு மிளகாய் வட்டம் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பொட்டு இல்லை. என் தம்பி பெண்டாட்டியின் தோளைப் பிடித்திருந்தார். அவளுக்காகத்தான் பிடித்திருந்தார், தனக்காக இல்லை. "மெதுவா, ஈரம் இருக்கு" என்று அவளை உட்காரவைத்தார். பிறகு நின்றுகொண்டே என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க வீட்டு வாசனை" என்றேன்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். வீடு போனது அந்த மூன்று சொல்லில்தான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த அம்மா தலையாட்டினார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மீன் சாப்பிடுறவங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா வீட்டைக் கொடுத்திருக்க மாட்டேன். அது நிஜம்" என்றார். "ஆனா நான் கேக்க வந்தது அது இல்ல. கிண்ணம் வந்ததுமே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மூணு தின்னேன். நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்களா, மேடம்?"

மேடம் என்றார். தாயி என்று சொல்லவில்லை.

நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அவர்கள் போனார்கள். கணவர் வாசலில் நின்று தொப்பி விளக்கை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் முன்னால், இதற்கிடையே வந்துவிட்ட சூப்புக் கிண்ணங்கள் ஆறிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக்கொடி நனைந்து சாய்ந்திருந்தது. மேலே கொழுப்பில்லாத சைவச் சாறு, கலங்கி, துணி ஊறவைத்த தண்ணீர் மாதிரி. யாரும் தொடவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் தம்பி முந்தாநாள் வாங்கிய சட்டையின் கையால் நெற்றியை அழுத்தித் துடைத்தான். வெள்ளை முழங்கை வரை அப்பிக்கொண்டது.

"நீ சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா" என்றான். "சொல்லணும்னா மொத வாயிலயே சொல்லிருக்கணும். இல்ல, சொல்லாமலே இருந்திருக்கணும். மூணு திங்க விட்டுட்டுச் சொன்ன பாத்தியா. எங்களுக்கும் ஒதவல, அந்த அம்மாவுக்கும் ஒதவல. யாருக்காவச் சொன்ன?"

அவன் பெண்டாட்டி, "வுடுங்க, மைனியப் போட்டு" என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அங்க அந்த அம்மா வாந்தி எடுத்துட்டு என்ன கேட்டாவ தெரியுமா? உனக்கு மசக்கைக்குப் புளி வேணுமாம்மா, எங்க வீட்டுல நல்ல கோக்கம் இருக்கு, தாரேன்னாவ. அதுக்கப்புறம்தான் என்னைய நல்லாப் பாத்தாவ. உனக்கும் தெரியுமான்னு கண்ணாலயே கேட்டாவ" என்றாள்.

இரண்டு மாதம் தம்பி என்னோடு பேசவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எளிதல்ல. காய்கறி வண்டியருகே பார்த்தால் வண்டியின் அந்தப் பக்கம் போய்விடுவான். அவள் மட்டும் வந்து போவாள், மூச்சு வாங்க. பிறகு, பாணேரிலேயே கொஞ்சம் உள்ளே தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடியில் வீடு கிடைத்துவிட்டது என்று அவள்தான் சொன்னாள். வீட்டுக்காரர் என்ன கேட்டார், இவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பால் காய்ச்சவும் போகவில்லை. பள்ளியில் தேர்வு என்று சொன்னேன். தேர்வும் இருந்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் சண்டை எதுவும் நடக்காதது போலத் தொடங்கினான்.

"அக்கா, நாளைக்கு வா. முருங்கைக்கா வாங்கியிருக்கேன். பிஞ்சு. உன் கையால கொழம்பு வச்சாத்தான் எறங்கும்ங்கா இவ."

நாக்கின் அடியில் நீர் ஊறியது. கூடவே அந்தக் கூழாங்கல்லும், உப்பிய சோம்பும், என் முந்தானையை ஒற்றிய கைக்குட்டையும்.

"வாரேன்" என்றேன். "அது பேரைச் சொல்லு, வாரேன்."

"என்ன பேரு?"

"மீன்னு சொல்லுல. நெத்திலின்னு சொல்லு."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ படியேறும் செருப்புச் சத்தமும் கேட்டது. அது தேய்ந்து போகும் வரை அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வாசக் கதவு தொறந்து கெடக்குக்கா."